பாடப் புத்தகத்தில் தன் நோயைக் காணாத மாணவி

1974-ஆம் ஆண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களுக்காகத் தோட்டத்தில் ஒரு விருந்து நடக்கிறது. 28 வயது உதவிப் பேராசிரியை ஒருவர் கூட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறார். எதிர்ப்படும் எல்லோரிடமும் பேசுகிறார். பல்கலைக்கழகத்தின் தலைவரையே நெடுநேரம் நிறுத்திவைத்துப் பேசுகிறார். அன்று மாலை தான் எல்லோரையும் கவர்ந்துவிட்டதாகத்தான் பிற்பாடும் அவருக்கு நினைவு.

அதே விருந்துக்கு ஒரு மனநல மருத்துவரும் வந்திருந்தார். அந்தப் பெண் முந்தைய ஆண்டு மருத்துவமனையில் பயிற்சி மாணவியாக இருந்தபோது அவரை அருகிலிருந்து பார்த்தவர். எப்போதும் எளிமையாக உடுத்தி வருகிற பெண் இன்று பகட்டாக உடுத்தியிருக்கிறார், முகத்தில் ஒப்பனை அதிகம், பேச்சு நிற்கவே இல்லை. மருத்துவர் மனதில் அப்போதே ஒரு நோயின் பெயர் ஓடியது. அவர் அன்று எதுவும் சொல்லவில்லை. சில மாதங்களில் அந்தப் பெண்ணே அவர் முன்னால் நோயாளியாக வந்து உட்கார்ந்தார்.

அவர் பெயர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன். மருத்துவ உளவியலில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்தவர். பைபோலார் என்று இன்று நாம் சொல்கிற இருதுருவ மனநிலை நோயைப் பற்றி மருத்துவ உலகம் பெரிதும் மதிக்கிற பாடநூலை இன்னொருவருடன் சேர்ந்து எழுதியவர். வாழ்நாள் முழுக்க அந்த நோயோடு வாழ்பவரும் அவரே. மற்றவர் மனதைப் படிக்கக் கற்ற ஒருவர் தன் மனதைப் படிக்க ஏன் அத்தனை காலம் எடுத்துக்கொண்டார் என்ற கேள்விக்காகவே அவர் வாழ்க்கையைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். உளவியல் படிக்கும் பிள்ளைகளும், அவர்களைப் படிக்க வைக்கும் பெற்றோரும் அறிந்துகொள்ள வேண்டிய கதை இது.

வானம் பார்த்த குடும்பம்

ஜேமிசன் பிறந்தது 1946 ஜூன் 22. அப்பா அமெரிக்க விமானப்படை அதிகாரி, வானிலை அறிவியலாளர். வீட்டில் வானத்தைப் பற்றிய பேச்சுதான் அதிகம். அப்பாவுக்கு உற்சாகம் வந்தால் வீடே திருவிழாவாகும், சோர்ந்தால் வீடே இருண்டுவிடும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு அன்று யாரும் பெயர் வைக்கவில்லை. அம்மா நிதானமானவர். பின்னாளில் மகள் உடைந்து விழுந்த நேரங்களில் எல்லாம் சமைத்துப் போட்டு, துணி துவைத்து, கூடவே இருந்து தாங்கியவர் அவர்தான்.

வாஷிங்டன் அருகே விமானப்படைத் தளத்தில் வசித்தபோது சிறுமி ஜேமிசன் அங்கிருந்த மருத்துவமனையில் தொண்டு செய்தார். டாக்டராக வேண்டும் என்பது கனவு. பதினைந்து வயதில் மற்றத் தொண்டர் சிறுமிகளோடு செயின்ட் எலிசபெத்ஸ் என்ற அரசு மனநல மருத்துவமனையைச் சுற்றிப் பார்க்கப் போனார். அங்கிருந்த நோயாளிகளின் கண்களில் கண்ட வலியும், அதைக் கண்டு தனக்குள் எழுந்த அச்சமும் அவரை விட்டுப் போகவில்லை. அந்தச் சுவருக்கு உள்ளே இருப்பவர்கள் வேறு, நாம் வேறு என்றுதான் அன்று நினைத்தார்.

அப்பா 1961-இல் ஓய்வு பெற்று, ராண்ட் கார்ப்பரேஷனில் வேலைக்குச் சேர, குடும்பம் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. அப்பாவின் இருள் அங்கே கூடிக்கொண்டே போனது. பள்ளி இறுதியாண்டில் மகளுக்கும் அது வந்தது. முதலில் சில வாரங்கள் தூக்கமே தேவைப்படாத உற்சாகம். எல்லாம் புரிவது போலவும், எல்லாவற்றுக்கும் தொடர்பு இருப்பது போலவும் ஒரு தெளிவு. பிறகு திடீரென்று எதுவுமே ஓடவில்லை. படித்த பக்கத்தையே மறுபடி மறுபடி படித்தாலும் மனதில் ஏறவில்லை. சாவைப் பற்றிய எண்ணம் விடாமல் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. தானாகவே சரியானது. அப்படித் தானாகச் சரியாவதுதான் இந்த நோயின் பெரிய சூது என்று எனக்குத் தோன்றுகிறது. போய்விட்டதே, பிறகு ஏன் டாக்டரிடம் போக வேண்டும் என்று நினைக்க வைத்துவிடுகிறது.

ஏற முடியாத படிகள்

பதினெட்டு வயதில், 1964-இல், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் இளநிலைப் படிப்பில் சேர்ந்தார். மனநிலை மேலே போன மாதங்களில் எல்லாக் குழுக்களிலும் அவர் இருந்தார். கீழே விழுந்த மாதங்களில் வகுப்புக்கே போகவில்லை.

உளவியல் வகுப்பில் ஒரு நாள் மனச்சோர்வைப் பற்றிய பாடம் நடந்தது. கேட்டதெல்லாம் தன்னைப் பற்றியே சொல்வது போல் இருக்க, மாணவர் நல மையத்துக்குப் போய் மனநல மருத்துவரைப் பார்க்க முடிவு செய்தார். மையத்துக்கு வெளியே இருந்த மாடிப்படி வரைக்கும் போனார். அதற்கு மேல் கால் எழவில்லை. உள்ளே போகவும் முடியாமல், திரும்பிப் போகவும் முடியாமல் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அழுதார். பிறகு எழுந்து வீட்டுக்குப் போனார். அதன் பின் அந்தப் பக்கமே போகவில்லை.

அவர் வாழ்க்கையில் எனக்கு மிகவும் முக்கியமாகப்படும் இடம் இந்தப் படிக்கட்டுதான். அன்று யாராவது ஒருவர் அந்தப் பெண்ணின் அருகே உட்கார்ந்து, “வாம்மா, நானும் கூட வர்றேன்” என்று சொல்லியிருந்தால் பத்தாண்டுத் துன்பம் மிச்சமாகியிருக்கலாம். நம் ஊர்க் கல்லூரிகளில் ஆலோசகர் அறை என்று பெயர்ப்பலகை மாட்டிய அறை பல இடங்களில் இருக்கிறது. யார் உள்ளே போகிறார்கள் என்று எல்லோரும் பார்க்கும்படி அதை முதல்வர் அறைக்கு எதிரில் வைத்தால் எந்தப் பிள்ளை அதன் வாசலை மிதிக்கும்?

இன்னொரு நிகழ்ச்சி இதற்கு நேர் மாறானது. மைத்தீற்றல் படங்களைக் காட்டி, மனதில் தோன்றுவதை எழுதச் சொல்லும் ரோர்ஷாக் சோதனையை ஒரு பேராசிரியர் வகுப்பில் நடத்தினார். ஜேமிசன் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். பேராசிரியர் அதை எடுத்து வகுப்பில் படித்துக் காட்டவும் இவருக்கு வியர்த்துவிட்டது. தன் மனம் கெட்டிருப்பதைப் பேராசிரியர் கண்டுபிடித்துவிட்டார் என்று நடுங்கினார். வகுப்பு முடிந்ததும் பேராசிரியர் அவரை அழைத்து, இப்படிப்பட்ட கற்பனை வளத்தை அரிதாகவே பார்த்திருக்கிறேன் என்று பாராட்டி, தன் ஆய்வுக்கூடத்தில் வேலையும் கொடுத்தார். சிகிச்சைக்கான கதவு திறக்காமல் போன அதே பெண்ணுக்கு ஆராய்ச்சிக்கான கதவு இப்படித் திறந்தது.

இடையில் ஓராண்டு ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். அது அமைதியான, மகிழ்ச்சியான ஆண்டு. திரும்பி வந்ததும் மருத்துவப் படிப்பு தன் இயல்புக்கு ஒத்து வராது என்று உணர்ந்து உளவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார்.

மற்றவர் நோய்க்குப் பெயர் வைக்கக் கற்ற ஆண்டுகள்

மருத்துவ உளவியலில் முனைவர் பட்டம் என்பது நூலகத்தில் உட்கார்ந்து ஆய்வேடு எழுதுவதோடு முடிவதில்லை. 1896-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் லைட்னர் விட்மர் உலகின் முதல் உளவியல் மருத்துவ நிலையத்தைத் தொடங்கியதிலிருந்து இந்தத் துறைக்கு ஒரு கால் ஆய்வுக்கூடத்திலும் மறு கால் நோயாளியின் கட்டிலருகிலும் இருந்து வந்திருக்கிறது. 1949-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் கூடிய மாநாடு அதையே பயிற்சி முறையாக வகுத்தது. மாணவர் ஆராய்ச்சியாளராகவும் இருக்க வேண்டும், சிகிச்சை தருபவராகவும் இருக்க வேண்டும். பாடங்கள், தேர்வுகள், மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்ப்பது, ஆய்வேடு, ஓராண்டு முழுநேர மருத்துவமனைப் பயிற்சி, அதற்கும் பிறகு உரிமத் தேர்வு என்று பல படிகள். இந்தியாவில் படிகள் கொஞ்சம் வேறு. இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சியை மருத்துவமனையோடு இணைந்த நிறுவனத்தில் முடித்து, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்தவரே மருத்துவ உளவியலாளர் என்பதுதான் இங்கே இதுவரை இருந்துவந்த வழி. முனைவர் பட்டம் பெரும்பாலும் அதற்கு மேல்.

ஜேமிசன் முதலில் சோதனை உளவியலில் சேர்ந்து, பிறகு மருத்துவ உளவியலுக்கு மாறினார். ஹெராயினுக்கு அடிமையானவர்களைப் பற்றி ஆய்வேடு எழுதினார். பல்கலைக்கழகத்தின் நரம்பு, மனநல மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். ஒரு பிரெஞ்சு ஓவியரை மணந்திருந்தார். மனநிலையும் அந்த ஆண்டுகளில் பெரிய தொல்லை தரவில்லை. மாணவப் பருவத்தில் தவறவிட்ட மகிழ்ச்சியை எல்லாம் ஆய்வு மாணவியாக இருந்தபோது அனுபவித்ததாக அவர் எழுதியிருக்கிறார்.

இங்கேதான் கதையின் முடிச்சு. நோயாளியோடு பேசி, அறிகுறிகளை வரிசைப்படுத்தி, நோய்க்குப் பெயர் சொல்லும் பயிற்சியை அவர் பெற்றது இந்த ஆண்டுகளில்தான். தூக்கம் குறைதல், பேச்சு பெருகுதல், எண்ணங்கள் ஓடுதல், பணத்தை வாரி இறைத்தல், பிறகு அடியில்லாத சோர்வு. இந்தப் பட்டியலைப் பாடமாகப் படித்தார், நோயாளிகளிடம் பார்த்தார். தன் பதினேழாவது வயதோடு ஒரு முறைகூட அதை இணைத்துப் பார்க்கவில்லை. மருத்துவ மாணவர்கள் படிக்கிற நோயெல்லாம் தங்களுக்கே இருப்பதாக நினைத்துப் பதறுவார்கள் என்பார்கள். இவருக்கு நேர்ந்தது அதற்குத் தலைகீழ். இருந்த நோயே கண்ணில் படவில்லை.

இதற்கு அறியாமை என்று பெயர் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோய்க்குறி பட்டியலில் இருப்பது ‘அவர்கள்’. செயின்ட் எலிசபெத்ஸ் சுவருக்கு உள்ளே இருந்தவர்கள். நாற்காலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குறிப்பெடுக்கக் கற்கிற மாணவிக்கு, அந்தப் பக்கத்திலும் தானே உட்கார்ந்திருக்கலாம் என்று யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. உளவியல் பயிற்சியில் இன்றும் இருக்கிற பெரிய ஓட்டை இது.

மூன்றே மாதங்கள்

முனைவர் பட்டம் அவர் பெயரில் பதிவானது 1975-இல். அதற்கு முன்பே, 1974 ஜூலையில், அதே பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் மேனியா என்கிற மிகை எழுச்சி அவரை அடித்துப் போனது.

தூங்கவில்லை. கடைகடையாக ஏறி இறங்கினார். நகைக்கற்கள், தேவையே இல்லாத மரச்சாமான்கள், ஒரு மணி நேரத்துக்குள் மூன்று கைக்கடிகாரங்கள் என வாங்கிக் குவித்தார். கலிஃபோர்னியாவில் பாம்புகள் பெருகிவிடும் என்று தோன்றியதால் மருந்துக் கடையில் இருந்த பாம்புக்கடி முதலுதவிப் பெட்டிகளையும் வாங்கினார். எழுச்சி வடிந்தபோது கட்டுக்கட்டாகப் பில்கள் மிஞ்சின. பொருளியல் அறிஞரான அண்ணன் விமானம் பிடித்து வந்து, பில்களைத் தரையில் பரப்பி வைத்துக் கணக்குப் போட்டு, தன் பெயரில் கடன் வாங்கி அடைத்தார். திருமணமும் அந்தக் காலத்தில் முறிந்தது.

கேட்பதற்குச் சிலருக்கு வேடிக்கையாகக்கூடத் தோன்றலாம். ஆனால் எழுச்சியின் உச்சியில் அவர் கண்டது இரத்தம் தெறிக்கும் கோரக் காட்சிகள். தன் மூளை தன் கையில் இல்லை என்ற பீதி. உடன் பணியாற்றிய ஒருவர் இதைக் கண்டு, இது நோய், உடனே மருந்து எடுக்க வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். அப்படித்தான் அவர் அந்த விருந்துக்கு வந்திருந்த மருத்துவரிடமே போனார். மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. நோயின் பெயரைச் சொன்னார். லித்தியம் எடுக்க வேண்டும், நெடுங்காலம் எடுக்க வேண்டும் என்றார்.

ஒரு உப்பின் கதை

லித்தியம் ஓர் உலோகம். அதன் உப்புதான் மருந்து. ஆஸ்திரேலியாவின் மனநல மருத்துவர் ஜான் கேட் இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியரின் கைதியாக மூன்றாண்டுகளுக்கு மேல் கிடந்தவர். ஊர் திரும்பியதும், மெல்பர்ன் அருகே பண்டூரா மருத்துவமனையில், பயன்படாமல் கிடந்த சமையலறையை ஆய்வுக்கூடமாக்கி கினிப் பன்றிகளிடம் லித்தியத்தைச் சோதித்தார். தன் உடம்பிலும் சோதித்துப் பார்த்தார். பிறகு மேனியா நோயாளிகள் பத்துப் பேருக்குக் கொடுத்து, பலன் கண்டு 1949-இல் கட்டுரை வெளியிட்டார். அதை முறையான ஆய்வுகளால் நிலைநாட்டியவர் டென்மார்க்கைச் சேர்ந்த மோகன்ஸ் ஷூ. அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் தந்தது 1970-இல். ஜேமிசனுக்கு நோய் முற்றியது 1974-இல். ஒரு தலைமுறை முன்னால் பிறந்திருந்தால் அவருக்குக் கொடுக்க இந்த மருந்து இருந்திருக்காது.

மலிவான மருந்து. ஆனால் பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. அதனால் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். அன்று அதிக அளவில் கொடுப்பதே வழக்கம். அவருக்குக் குமட்டல் வந்தது, கை நடுங்கியது, எழுத்துகள் கண்ணில் நிற்கவில்லை. புத்தகத்தோடு வளர்ந்த ஒருவர், பேராசிரியர், பத்தாண்டுகளுக்கு மேல் கனமான நூல் ஒன்றை முதலிலிருந்து கடைசி வரை படிக்க முடியாமல் தவித்தார். கவிதைகளையும் சிறுவர் நூல்களையும் படித்துச் சமாளித்தார். ஆசையாக வளர்த்த குதிரையையும் விற்க வேண்டி வந்தது.

அவர் மருந்தை நிறுத்தினார். மறுபடி தொடங்கினார். மறுபடி நிறுத்தினார். பக்க விளைவு ஒரு காரணம். சொந்தக் குணத்தால் சமாளிக்க முடியாதா என்ற வீம்பு இன்னொன்று. மாத்திரை எடுப்பது பலவீனம் என்று அக்காவும் சொன்னார். ஆனால் எல்லாவற்றையும் விட ஆழமான காரணம் ஒன்றை ஜேமிசன் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த எழுச்சி அவருக்குப் பிடித்திருந்தது. உலகமே ஒளிர்ந்த அந்த நாட்களை இழக்க மனம் வரவில்லை. நோயாளி ஏன் மாத்திரையைத் தூக்கி எறிகிறார் என்று புரியாமல் திட்டித் தீர்க்கும் குடும்பத்தார் இதை அறிந்துகொள்ள வேண்டும். மருந்து அவரிடமிருந்து எதையோ எடுத்துக்கொள்கிறது. அந்த இழப்பைக் காது கொடுத்துக் கேட்காமல் ‘மாத்திரை போட்டியா?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் பயன் குறைவு.

மருந்தை நிறுத்தியதன் விலை பெரிது. மாதக்கணக்கில் நீண்ட மனச்சோர்வின் அடியில் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். தொலைபேசியில் அவர் குரல் சரியில்லை என்று கண்டுகொண்ட அண்ணன் உடனே மருத்துவருக்குச் சொல்ல, உயிர் தப்பியது. வேளை தவறாமல் விசாரிக்கிற ஒரு குரல் என்ன செய்யும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

அதே காலத்தில் அவர் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். மீண்டும் கடும் சோர்வில் விழுந்து, தானே முடிவெடுக்க முடியாமல் போனால், தான் மறுத்தாலும் மருத்துவமனையில் சேர்க்கவும், தேவைப்பட்டால் மின்சிகிச்சை தரவும் மருத்துவரும் குடும்பத்தாரும் முடிவு செய்யலாம் என்று தெளிவாக இருந்த நேரத்திலேயே சொல்லி வைத்தார். அன்று அது ஒரு நோயாளியும் ஒரு மருத்துவரும் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதையொத்த உரிமையை வயது வந்த ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கிறது. நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 2018 மே மாதம் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் நோயாளி இருக்கும் எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும்? சொல்ல வேண்டிய கடமை மருத்துவமனைகளுக்கும் எங்களைப் போன்ற பத்திரிகைகளுக்கும் இருக்கிறது.

வேலையில் நின்றார்

மருந்தை ஏற்றுக்கொண்டார். வாரந்தோறும் மனநல ஆலோசனைக்கும் போனார். மருந்து உயிரைக் காத்தது, பேச்சுச் சிகிச்சை அந்த மருந்தை விழுங்க வைத்தது என்பதே அவர் சொல்வதன் சாரம். மருந்து மட்டும் போதும் என்பவர்களும், மருந்தே வேண்டாம் பேசினால் போதும் என்பவர்களும் நம் ஊரிலும் உண்டு. இரண்டு பக்கத்தாரும் இவரிடம் பாடம் கேட்கலாம்.

அந்தப் பாடத்தை ஒரு நிறுவனமாகவே ஆக்கினார். தான் பணியாற்றிய பல்கலைக்கழகத்தில் மனநிலை நோய்களுக்கென்று தனி மருத்துவ நிலையத்தைத் தொடங்கி அதன் இயக்குநராக இருந்தார். மருந்தும் ஆலோசனையும் சேர்ந்தே தரப்பட வேண்டும் என்பது அங்கே விதி. அந்தப் பல்கலைக்கழகத்திலேயே நிரந்தரப் பேராசிரியராகவும் ஆனார்.

இங்கிலாந்தில் ஆய்வு விடுப்பில் இருந்த காலத்தில் மருந்தின் அளவு குறைக்கப்பட்டது. புத்தகங்கள் மீண்டும் கைக்கு வந்தன. அங்கே பிரிட்டனின் பெயர்பெற்ற எழுத்தாளர்கள், ஓவியர்கள் 47 பேரை ஆய்வு செய்து, அவர்களில் 38 சதவீதம் பேர் மனநிலை நோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் என்று கண்டார். 1993-இல் வந்த அவருடைய ‘டச்டு வித் ஃபயர்’ நூலும் படைப்பாற்றலுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றியதே. ஆய்வில் சேர்ந்தவர்கள் குறைவு, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை என்ற விமர்சனம் உண்டு, அது நியாயமானதே. நோய்தான் கலையைத் தருகிறது என்று சொல்லி மருந்தை மறுக்கும் இளைஞர்களுக்கு இந்த ஆய்வை யாரும் ஆதாரமாகக் காட்டிவிடக் கூடாது என்பது என் கவலை. ஜேமிசனும் அப்படிச் சொல்லவில்லை. சிகிச்சை பெறுவது படைப்பைக் காக்கும் என்பதே அவர் கட்சி.

1990-இல் ஃபிரெடரிக் குட்வினோடு சேர்ந்து எழுதிய ‘மேனிக் டிப்ரெசிவ் இல்னஸ்’ வெளிவந்தது. தொள்ளாயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்த நூலைப் படித்தே ஒரு தலைமுறை மனநல மருத்துவர்கள் இந்த நோயைக் கற்றார்கள். நூலாசிரியர்களில் ஒருவர் நோயாளி என்பது அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

சொல்வதா, வேண்டாமா?

தெரிந்தால் என்ன ஆகும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. சிகிச்சை தரும் உரிமம் போய்விடலாம். தன் ஆய்வை எல்லாம் நோயாளியின் சொந்தப் புலம்பல் என்று ஒதுக்கிவிடலாம். அச்சத்துக்கு அடிப்படையும் இருந்தது. நெருங்கிப் பழகிய சக பணியாளர் ஒருவரிடம் நோயைச் சொன்னபோது, உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லை, பெரிய ஏமாற்றம் என்றார் அவர். லித்தியம் எடுப்பதை அறிந்த மருத்துவர் ஒருவர், நீ பிள்ளை பெற்றுக்கொள்ளக் கூடாது என்று முகத்துக்கு நேரே சொன்னார். பிள்ளைகளை மிகவும் விரும்பியவர் ஜேமிசன். அவருக்குப் பிள்ளை இல்லை. மருத்துவம் படித்த ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தது என்பதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

வேறு விதமான மனிதர்களும் இருந்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் மருத்துவ மாநாடு நடந்தபோது மிசிசிப்பி ஆற்றுப் படகில் மோகன்ஸ் ஷூவோடு பேசிக்கொண்டிருந்தார். லித்தியத்தை நிலைநாட்டிய அதே ஷூ. இந்த நோயை ஆராய ஏன் வந்தீர்கள் என்று அவர் நேரடியாகக் கேட்டார். தன் குடும்பத்திலும் இந்த நோய் உண்டு, அதனால்தான் தானும் இந்தத் துறைக்கு வந்ததாக ஷூவே சொன்னார். இருவரும் தாளில் தங்கள் வம்சவரிசையை வரைந்து, நோயுற்றவர்களைக் குறித்து, ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். உன் அனுபவத்தை மறைக்காதே, எழுது, கற்பி என்று ஊக்கம் தந்தவர் ஷூ.

பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே நோயாளிகளைப் பார்க்க அனுமதி கேட்கும் படிவத்தில் நோய் பற்றிய கேள்வி இருந்தது. துறைத் தலைவரிடம் போய் உள்ளதைச் சொன்னார். தலைவருக்கு ஏற்கெனவே தெரியும். இந்த நோய் உள்ளவர்களை எல்லாம் வெளியேற்றினால் நம் மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர்களும் குறைவார்கள், சுவாரசியமும் போய்விடும் என்ற பொருளில் அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். மருத்துவரின் கண்காணிப்பில் இருக்கிறாரா, வேலையைச் சரியாகச் செய்கிறாரா என்பதுதான் அங்கே கேள்வி. இந்த அளவுகோல்தான் சரி. நோயின் பெயரைக் கேட்டதும் கதவை மூடுகிற நிறுவனம், தன்னிடம் வேலை செய்பவர்கள் நோயை மறைக்கத்தான் வழி செய்கிறது. மறைத்தவர் மருந்தையும் மறைந்துதான் எடுப்பார், நெருக்கடியில் உதவியும் கேட்க மாட்டார்.

1995-இல் ‘அன் அன்கொயட் மைண்ட்’ என்ற தன்வரலாற்று நூலில் எல்லாவற்றையும் எழுதினார். ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்தன. நன்றி சொன்னவர்கள் பலர். சபித்து எழுதியவர்களும் இருந்தார்கள். அவர் கொடுத்த பெரிய விலை வேறு. நோயாளிகளுக்குச் சிகிச்சை தருவதை நிறுத்திக்கொண்டார். சிகிச்சைக்கு வருகிறவர் தன் துன்பத்தைப் பேசத்தான் வருகிறார், எதிரில் இருப்பவரின் நோயை மனதில் சுமந்துகொண்டு பேச வேண்டிய நிலை அவருக்கு வரக் கூடாது என்பது காரணம். மாணவப் பருவம் முதல் பயின்ற வேலை அது. அதைத் தானே கைவிட்டார். வெளிப்படையாகப் பேசுங்கள் என்று மற்றவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

2001-இல் மெக்கார்தர் நல்கை கிடைத்தது. அடுத்த ஆண்டு அவருடைய இரண்டாவது கணவர் ரிச்சர்ட் வையட் புற்றுநோயால் இறந்தார். ஸ்கிசோஃப்ரினியா ஆய்வில் பெயர்பெற்ற மருத்துவர் அவர், ஜேமிசன் நூல் எழுதத் துணை நின்றவர். அந்தத் துயரத்தைப் பற்றி 2009-இல் ஒரு நூல் எழுதினார். துயரம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு என்று இரண்டையும் அனுபவித்தவர் பிரித்துக் காட்டும் நூல் அது. கவிஞர் ராபர்ட் லோவெல் பற்றி 2017-இல் அவர் எழுதிய வரலாறு புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியல் வரை போனது. லோவெல்லுக்கும் இதே நோய்தான்.

நம் பிள்ளைகளுக்கு

இருதுருவ மனநிலை நோயின் கடும் வகை ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு வரக்கூடியது. பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்பருவத்தின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும். அதாவது கல்லூரியில் சேர்ந்து, மேற்படிப்பில் நுழையும் வயதில். நம் வீடுகளில் அந்த வயதுப் பிள்ளை இரவெல்லாம் விழித்து, காசை வாரி இறைத்து, பிறகு மாதக்கணக்கில் கட்டிலை விட்டு எழாமல் கிடந்தால் முதலில் திமிர் என்கிறோம், பிறகு காத்து கருப்பு என்கிறோம், கடைசியில் ‘ஒரு கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்’ என்கிறோம். கல்யாணம் இந்த நோய்க்கு மருந்தாகாது. லித்தியம் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. இந்த நோய் உள்ளவர்களின் தற்கொலை ஆபத்தை அது குறைக்கிறது என்பது பல ஆய்வுகள் காட்டிய உண்மை.

மருத்துவ உளவியல் கற்பிக்கும் துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். முதல் ஆண்டு மாணவர்களிடமே, நீங்கள் படிக்கப் போகும் நோய் உங்களில் சிலருக்கும் வரலாம், வந்தால் சொல்லுங்கள், படிப்பும் போகாது வேலையும் போகாது என்று சொல்லுங்கள். சொன்னதை எழுத்திலும் உறுதி செய்யுங்கள். மாணவர்கள் தங்கள் மதிப்பெண்ணைக் கையில் வைத்திருக்கும் ஆசிரியரிடம் போகாமல், வெளியே ஒரு மருத்துவரிடம் போக வழி செய்யுங்கள்.

இதைப் படிக்கும் உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இந்தத் துன்பம் இருந்தால் இன்றே பேசுங்கள். மத்திய அரசின் டெலி மனஸ் சேவையின் எண் 14416. எந்த நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104-லும் மனநல ஆலோசனை கிடைக்கும்.